மாதாவின் தலையில் மாட்டிய மின்வளையம்

என் உயிர் அக்கா,

கோயிலில் மாட்டியிருக்கும் உங்கள் மாதா படத்தில் துளை போட்டுவிட்டார்கள். உடனே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அழுகையில் இல்லை, கோபத்தில்.

இந்த வெள்ளைக்கார ஊரின் பல்லரோச் சந்தையில் விற்கிற, பச்சையும் சிவப்புமாக மினுங்கும் மின்வளையம் ஒன்றை வாங்கிவந்து, மாதாவின் தலையைச் சுற்றித் திருகாணியால் பூட்டியிருக்கிறார்கள். பலகையில் வரைந்த படம்தானே, தாங்கும் என்று நினைத்தார்களாம். வேறு யாருமில்லை, நம் ஆட்கள்தான். பக்தி முற்றினால் நமக்குக் கையில் ட்ரில் மிசின் வந்துவிடும் போலிருக்கிறது.

இங்கே இருந்தபோது, வெள்ளைக்காரச் சிந்யோரா அம்மாவின் வீட்டு வேலை முடித்து வந்து, நம் ஒரேத்தோத் தெரு வீட்டுக் குசினி மேசையில் நீங்கள் அதை வரைந்தது எனக்கல்லவா தெரியும்? கறுத்த மன்னார்க் கடல். கரையில் பனைகள். வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அலைமேல் மாதா. கரையில் நிற்கும் ஒரு பெண்ணின் கையில் அரிக்கன் லாம்பு. அந்தச் சின்ன வெளிச்சம்தான் தண்ணீரில் ஊர்ந்துபோய் மாதாவின் முகத்தைத் தொடும். "மாதாவும் தேடிக்கொண்டுதானே நிக்கிறா, நாங்கள்தான் வெளிச்சம் பிடிக்கவேணும்" என்றீர்கள். மீன்பிடிக்கப் போன அத்தான் திரும்பாத கடல் அது. லாம்போடு நிற்பது நீங்கள்.

இப்போது வளையம் எரிந்தால் மாதாவின் முகம் பச்சை, பிறகு சிவப்பு. அந்தக் கண்கூச்சத்தில் கரை தெரிவதில்லை. நீங்களும் தெரிவதில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் திருவிழாக் குழுத் தலைவர் யோசேப்பு அண்ணையைப் பிடித்தேன்.

"ஆரைக் கேட்டு ஓட்டை போட்டனீங்கள்?"

"தங்கச்சி, சனம் ஆசைப்பட்டுத்தான் போட்டது. மாதாவுக்கு வெளிச்சம் வேணும்தானே?"

"வெளிச்சம் இருக்கு அண்ணை. கீழை பாருங்கோ."

"அந்தப் பொம்பிளையே? அவவைப் பாக்க ஆர் வருகினம்?"

வந்த ஆத்திரத்தில் வளையத்தின் வயரைப் பிடுங்கினேன், மினுங்கல் நின்றது. கோயிலே திரும்பிப் பார்த்தது. யோசேப்பு அண்ணை குனிந்து பார்த்தார்.

"இது... உங்கடை அக்காவே?"

"ஓம்."

இத்தனை காலம் இந்தப் படத்தின் முன் முழந்தாளிட்ட மனிதர் அப்போதுதான் உங்களைக் காண்கிறார்! ஆனாலும் திருவிழா முடியட்டும், பிறகு கழற்றலாம் என்கிறார். பிறகாம்! அத்தானைத் தேடித் தரச்சொல்லி ஊரில் நீங்கள் ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களிலும் "பிறகு வாங்கோ" என்றுதானே அனுப்பினார்கள்? அந்தச் சொல்லை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது?

நான் கேட்கப்போவதில்லை. கொடியேற்றத்துக்கு முதல் அந்த வளையத்தை நானே கழற்றுவேன். யார் முகம் சுளித்தாலும் சரி. துளைகள் இருந்துவிட்டுப் போகட்டும். அத்தான் எந்தப் பக்கத்தால் கரைக்கு வந்தாலும், முதலில் உங்கள் லாம்புதான் அவர் கண்ணில் படவேண்டும்.

கோபம் ஆறாத உங்கள் தங்கச்சி,
ரெஜினா