கிணற்றடிக்குப் போகாத அறிக்கை

3 மார்ச் 2025, இராஜபாளையம்

ஊற்றுகளைத் திறக்கிற கர்த்தாவே, களைத்த இந்தக் கையைத் தேவரீர் சமுகத்தில் வைக்கிறேன். எழுதுவது மெய்யாயிருக்கட்டும்.

பேரூராட்சிக் குப்பைக் கிடங்கின் கேடுகளை மதிப்பிடும் குழுவில், ஓய்வுபெற்ற நீர்ப் பரிசோதகன் என்று என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மக்கிய குப்பையின் அடியிலிருந்து கறுத்த நீர் வயலுக்குள் கசிகிறது. இன்று ஐந்து கிணறுகள். நான்கில் நானே வாளியிட்டு மாதிரி எடுத்தேன். ஐந்தாவது, வேலியை ஒட்டிய வெள்ளத்தாயின் கிணறு. முழங்கால் மறுத்துவிட்டது. வேப்பமர நிழலில் அமர்ந்து பாட்டிலை அவரிடமே கொடுத்தேன். "செத்த நேரம் இருங்கய்யா, இந்தா வாரேன்" என்று போய் நிறைத்து வந்தார். பெயரும் நேரமும் எழுதி ஒட்டினேன்.

10 மார்ச்

கிருஷ்ணன்கோவில் ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்வீட்லின் பேசினார். நான்கு கிணறுகளிலும் கசிவு கலந்திருக்கிறது. வேலியோரக் கிணறு மட்டும் சுத்தம்.

"இதுதான்யா ரொம்பக் கெட்டிருக்கணும். குளோரின் வேற இருக்கு. எங்க வீட்டுப் பைப்புத் தண்ணிகூட இம்புட்டு நல்லாயில்ல."

பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள் என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்த விளக்கம்!

12 மார்ச்

அறிக்கையில் ஒப்பமிட்டேன். நான்கு வீடுகளுக்கு லாரித் தண்ணீர். வெள்ளத்தாய் வீட்டுக்குத் தேவையில்லை. எண்கள் யாவும் ஒழுங்கு. ஆயினும் தளை தட்டிய வெண்பாவை வாசிப்பதுபோல் மனம் ஓரிடத்தில் இடறுகிறது.

13 மார்ச்

ஜெபத்திலும் அந்தப் பாட்டில்தான்.

17 மார்ச்

மனம் பொறுக்காமல் பேருந்தேறி வெள்ளத்தாய் வீட்டுக்குப் போனேன். அவர் மருமகள் வெங்கடேஸ்வரி, ஐந்து மாதக் கர்ப்பிணி, அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். உலைநீர் மஞ்சளாக இருந்தது. வெள்ளத்தாய் எனக்கு மட்டும் மூலையில் மூடியிருந்த குடத்திலிருந்து மொண்டு தந்தார். ஒரு வாய் குடித்ததும் நாவில் குளோரின்.

அன்றைக்குப் பாட்டிலை எதிலிருந்து நிறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"இதே குடந்தான்யா. பத்து நாளைக்கு ஒருக்கா எம்மவன் டவுன்லருந்து கொண்டாந்து வைக்கான். வெயில்ல வந்த பெரியவிய கையில அந்த நாத்தத் தண்ணியவா குடுக்க?"

"அத்த, அவிய குடிக்கவா கேட்டாக? சோதிக்கக் கேட்டாக!"

"ஏட்டி, எதுக்குக் கேட்டா என்ன? குடுக்கது நாமல்லா!"

அந்த அம்மாள்மேல் குற்றமில்லை, என்மேல்தான். அடப்பாவி சத்தியநேசா, எழுபத்தோரு வயசுல அம்பது அடி நடக்க நோவுதுன்னு உக்காந்திட்டியே — அந்த அம்பது அடிக்குள்ள ஒரு பச்சப்புள்ள இருக்கே!

"கொதிக்க வச்சித்தான் குடிக்கோம்" என்றாள் வெங்கடேஸ்வரி. கொதித்தால் இந்த நஞ்சு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும் என்று சொல்லி, உலையை இறக்கச் செய்தேன். பின்பு நானே கிணற்றடிக்குப் போய் இறைத்தேன். வாளியில் எண்ணெய்ப் படலம்.

20 மார்ச்

நைட்ரேட் வரம்பைப்போல் நான்கு மடங்கு. "மத்த நாலையும்விட மோசம்யா" என்றார் ஸ்வீட்லின். என்னைக் கடிந்திருக்கலாம்.

21 மார்ச்

குழுத்தலைவர் ஜெயபாண்டியிடம் போனேன். நல்ல மனிதர். "விடுங்கய்யா, 'கூடுதல் மாதிரி'ன்னு ஒரு வரி சேத்துருவோம். இந்த வயசுல உங்க பேரு எதுக்குக் கெடணும்?"

அரைமணி நேரம் அந்த ஒரு வரி எனக்கும் இனித்தது. பொய்யென்று சொல்லவும் முடியாத வரி.

வீட்டுக்கு வந்து புதிய அறிக்கையின் முதல் பத்தியை எழுதினேன்: "ஐந்தாவது மாதிரியைக் கிணற்றிலிருந்து நான் எடுக்கவில்லை, எடுத்ததாக ஒப்பமிட்டேன். முந்தைய அறிக்கை செல்லாது." அதற்குப் பிறகே எண்கள்.

26 மார்ச்

அயர்வு. எழுத ஒன்றுமில்லை.

4 ஏப்ரல்

குழுவின் புதிய பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. நியாயமே.

மாலையில் வெங்கடேஸ்வரி போன் செய்தாள். "லாரி வந்திருச்சுய்யா. அஞ்சு வீட்டுக்கும் ஊத்திட்டுப் போறாக. டாக்டரம்மா புள்ள நல்லாருக்குன்னாக. மாசாமாசம் வரச் சொல்லிருக்காக."

மாசாமாசம். பேறுகாலம் வரைக்கும் நானும் முழங்காலிடுவேன், வலித்தாலும்.

எனக்குப் பின் இதை வாசிப்பவரே, கர்த்தர் உம்மையும் உம் வீட்டாரையும் காப்பாராக. உம் அடுப்பில் ஏறும் நீர் தூயதாயிருப்பதாக, அதைப் பருகும் பிள்ளைகள் நெடுநாள் வாழ்வார்களாக. ஆமென்.