கலங்கரை விளக்கில் பறந்த சிவப்புத் துணி

என் அருமை மருமகள் வாலுவுக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிடச் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அங்கே நீயும், நீ எண்ணெய் ஊற்றி ஓடவைக்கிற கப்பல் எஞ்சினும் சுகமா என்று அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் எழுது. எஞ்சின் பக்கத்தில் பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்காதே, கொண்டை போட்டுக்கொள்.

விஷயம் என்னவென்றால், நீ கப்பலுக்குப் போன நாளிலிருந்து உன் அம்மா உன்னோடு பேசுவதில்லை, நீ போன் செய்தால் தையல் மெஷினை வேகமாக மிதித்துக்கொண்டு காது கேளாதவள்போல் இருக்கிறாள், நடுவில் நான்தான் தபால்காரன். உன் அப்பா போனபிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த எனக்கு இது பொறுக்குமா? அதனால் ஒரு திட்டம் போட்டேன், மந்திரிமாருக்கும் வராத மூளை. துறைமுகத்துக்கு எதிரே தீவில் பழைய கலங்கரை விளக்கு இருக்கிறதல்லவா, ஞாயிறு பகலில் உன் கப்பல் அந்தப் பக்கமாகத்தான் போகிறது என்று சோறு தின்னும்போது தண்ணீர் கேட்கிறமாதிரி சொல்லிவைத்தேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்துபோனாள். ஆனால் ஞாயிறு காலையில் எனக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

படகில் அலை மூன்று மாடி உயரம் அடித்தது, நான் தைரியம் சொல்லாவிட்டால் படகோட்டி திரும்பியிருப்பான். உன் அம்மாவைக் கேட்டால் "பக்கெட்ல துணி அலசினா இதவிடப் பெரிய அலை வரும்" என்பாள், நம்பாதே. தீவில் இறங்கியதும் வந்தவர்களைக் கூட்டிவைத்து வரலாற்றை எடுத்துவிட்டேன், ஆயிரம் வருஷப் பழசு, ஒரே கல்லில் குடைந்தது, ஏழு ராஜாக்கள் சேர்ந்து கட்டினார்கள் என்று. டிக்கெட் கிழிக்கிற அம்மாள், "ஐயா, நூத்தம்பது வருஷந்தாங்க, செங்கல்லுங்க" என்றாள். உன் அம்மா உடனே, "விடுங்கம்மா, அவன் வயசையே அவன் சரியாச் சொன்னதில்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். உள்ளே போனால் ஓராள் அகலத்துக்குச் சுருள் படிக்கட்டு. ஆறு மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தவன் நான், எனக்குத் தலை சுற்றுமா? தலை சுற்றவில்லை, படிக்கட்டுதான் சுற்றியது. பாதி வழியில் ஒரு ஜன்னலோரம் உப்புக்காற்றில் பெயிண்ட் உரிந்து கிடந்தது, தொழில்காரன் அதைப் பார்க்காமல் போகலாமா, அங்கேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பரிசோதித்தேன். "நீ பரிசோதனை பண்ணுடா, நான் மேல போறேன்" என்று தைலம் பூசிய காலோடு உன் அம்மா என்னைத் தாண்டி ஏறிப் போய்விட்டாள்.

கொஞ்சம் கழித்துக் கண்ணைத் திறந்தால், கடலில் ஒரு பெரிய சரக்குக் கப்பல். கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன், பார்த்தால் நீலக் கப்பல். நீ அனுப்பிய போட்டோவிலோ உன் கப்பல் பச்சை. வேர்த்து ஊற்றிவிட்டது. இனி உன்னோடு பேசுவதாவது, எனக்கே சோறு போடமாட்டாள் என்று பயந்தபோது தலைக்கு மேலே படபடவென்று சத்தம். கழுத்தை நீட்டிப் பார்த்தேன், மேல் மாடத்திலிருந்து ஒரு சிவப்பு லைனிங் துணி காற்றில் பறக்கிறது, பிசிறாமல் ஓரம் மடித்துத் தைத்திருக்கிறாள், எப்போது தைத்தாளோ. கூடவே அவள் குரல், "ஏய் வாலு, சாப்ட்டியாடீ? நேரத்துக்குத் தூங்குறியா?" அவ்வளவு தூரத்துக் கப்பலில் அது யாருக்குக் கேட்கும், எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பெயிண்ட் தூசி கண்ணில் விழுந்துவிட்டது.

இறங்கி வந்தவள், "என்னடா, பெயிண்ட் காஞ்சிருச்சா?" என்றாள். நான் முந்திக்கொண்டு, பச்சை பெயிண்ட் கடல் வெயிலில் தூரத்துக்கு நீலமாகத்தான் தெரியும், இத்தனை வருஷத் தொழிலில் கண்டது என்று அடித்துவிட்டேன். "அப்படியா" என்றாள், நம்பிவிட்டாள். திரும்புகிற படகு முழுக்க உன் சின்ன வயசுச் சேட்டைதான் பேச்சு.

ஆகையால் போன் செய்யும்போது, சிவப்புத் துணியைப் பார்த்தேன், நானும் கை காட்டினேன் என்று மறக்காமல் சொல். நீ அன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் இருந்தாய் என்பது நம் இருவரோடு இருக்கட்டும். நோய்நொடி அண்டாமல், போன கடலெல்லாம் உனக்கு வழிவிட்டு, நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அலைக்கும் உயரத்துக்கும் அஞ்சாத உன் தாய்மாமன்

பி.கு.: கவரை ஒட்டச் சொல்லி உன் மாமன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நாள் முழுக்கத் துணிக்கு நூல் கலர் பார்த்துச் சேர்க்கிறவளுக்குப் பச்சை எது, நீலம் எது என்று தெரியாதா? சோறு தின்னும்போது சொன்னானே, அப்போதே தெரியும். நீ தினம் பார்க்கிற கடலை ஒரு நாள் நானும் பார்க்கலாமே என்றுதான் போனேன். அந்தக் கப்பலிலும் யார் பெற்ற பிள்ளையோ இருக்கும், ஆட்டினேன். கூப்பிட்டது உன்னைத்தான். துணியைப் பார்த்ததாக அவனிடம் சொல்லிவிடு, பாவம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, மெஷினை நிறுத்தி வைக்கிறேன். அம்மா.