அம்மாவின் பட்டை என் கையில்

பதிவு 1. வெள்ளி, 06:40
நிலா, மூன்றாம் குடியிருப்பு, அறை 9. எழுதுவது: இளவேனில், ஒன்பதாம் வகுப்பு. டாக்டர் சகாயம் கேட்டபடி அம்மாவைக் கவனித்து எழுதுகிறேன்.

அம்மா செங்கமலம் கரும்பள்ளத்தில் பனி தோண்டும் வண்டி ஓட்டுகிறார். அவருக்கு இருமுனை மனநிலைக் கோளாறு. சில வாரங்கள் மனம் மேலே மேலே பறக்கும். சில வாரங்கள் படுக்கையை விட்டு எழவே முடியாது. மணிக்கட்டில் உள்ள பட்டை தூக்கம், நாடி, பேச்சின் வேகம் எல்லாவற்றையும் அளக்கிறது. பச்சை என்றால் நலம். பச்சை விட்டுவிட்டு மின்னினால் எச்சரிக்கை; இன்னும் ஓர் இரவு தூக்கம் கெட்டால் மஞ்சளாகும். மஞ்சள் என்றால் டாக்டருக்குச் செய்தி போகும். வெளிக்கதவு அம்மாவுக்குத் திறக்காது. இந்த விதியைக் கேட்டு வாங்கியதே அம்மாதான்.

இன்று பச்சை.

பதிவு 2. சனி, 17:15
பச்சை விட்டுவிட்டு மின்னுகிறது. அம்மா நேற்று தூங்கவில்லை. சமையலறைக் குழாய்களை எல்லாம் பிரித்துப் போட்டு, பாடிக்கொண்டே மறுபடி மாட்டினார்.

நாளை பள்ளி அறிவியல் கண்காட்சி. நிலா மண்ணில் நான் வளர்த்த பாசியைப் பார்க்க அம்மா வருகிறார். வகுப்பு அலைவரிசையில் ரெஹானா:

"ஏய் இளா, உங்கம்மா கையில சீரியல் லைட்டு மின்னுதாமே? நாளைக்கு எங்க ஸ்டாலுக்குக் கடன் குடுடி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதிவு 3. சனி, 20:30
ஒரு நாளைக்கு மட்டும் பட்டையைத் தரும்படி கேட்டேன். அம்மா உடனே கழற்றித் தந்து என் கன்னத்தைக் கிள்ளினார். யார் கையிலும் இல்லாவிட்டால் மணி அடிக்கும். அதனால் நான் கட்டிக்கொண்டேன். எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

பதிவு 4. ஞாயிறு, 11:20
பட்டை முழுப் பச்சை.

அம்மா நடுவர்களிடம் என் பாசியைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். பிறகு பாசிக்குப் பக்கத்தில் நிஜப் பனிக்கட்டி வைக்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஓடினார். சிலர் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவர் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

பதிவு 5. ஞாயிறு, 12:05
அம்மாவின் வண்டியிலிருந்து:

"இளாக்குட்டி! கரும்பள்ளத்துக்குப் போறேன். உன் தலை பெருசுக்கு ஒரு பனிக்கட்டி கொண்டாரேன். யார்கிட்டயும் சொல்லாத, சர்ப்ரைஸ்! காத்தா? அதெல்லாம் நெறைய இருக்குடி!"

வெளிக்கதவு பட்டையின் நிறத்தைத்தான் அலைவரிசையில் கேட்கும்; பட்டை யார் கையில் என்று பார்க்காது. அது என் பச்சையைப் பார்த்துத் திறந்துவிட்டது. வண்டி நிற்கும் இடத்துக்கு ஓடிப் பார்த்தேன். மாற்றுக் காற்று உருளையை அம்மா எடுத்துப்போகவில்லை.

டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கண்காட்சி அறையில், எல்லோருக்கும் நடுவில் நிற்கிறார். பரிசளிப்பு முடியட்டும்.

பதிவு 6. ஞாயிறு, 13:30
அறைக்கு வந்துவிட்டேன். பரிசளிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் சொல்லவில்லை.

அம்மா:

"கண்ணு... வண்டி சாஞ்சுக்கிச்சு. பயப்படாத. கொஞ்சம் மூச்சுதான்..."

பிறகு இரைச்சல் மட்டும்.

பட்டை ஆபத்துச் சிவப்பாகிவிட்டது. அதற்குள்ளிருந்து டாக்டரின் குரல்:

"செங்கமலம் அக்கா, நான் சகாயம். நாடி தாறுமாறா ஓடுது. நல்லவேளை, ரூம்லயே இருக்கீங்கன்னு பட்டை காட்டுது. மீட்பு ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். ஏதாவது பேசுங்கக்கா."

வாயைத் திறந்தேன். பேசினால் அது அம்மாவின் குரல் இல்லை என்று தெரிந்துவிடும். மூடிக்கொண்டேன்.

பதிவு 7. 13:41
கதவைத் தட்டுகிறார்கள். பள்ளத்துக்குப் போக வேண்டியவர்கள் அத்தனை பேரும் என் வாசலில்.

படிப்பவருக்கு: அந்தப் பச்சை என் தூக்கம். இந்தச் சிவப்பு என் பயம். அம்மா கரும்பள்ளத்தில். கரும்பள்ளத்தில்.

திறக்கப் போகிறேன். சட்டைக் கையை இழுத்துப் பட்டையை மூடியிருக்கிறேன். ஏன் இன்னும் மறைக்கிறேன் என்று...