எழும்பி நின்ற மூலை

ராத்தா,

முத்திரையின் ஒரு மூலை எழும்பி நின்றது. இன்று திரும்பி வந்த கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். அந்த மூலைக்கு அடியில் காய்ந்த சோற்றுப் பசை. மேல்விலாசம் என் கையெழுத்தில் இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

உன் மாப்பிள்ளை, என் மச்சான், கொழும்புக் கடையிலிருந்து உனக்கு எழுதும் கடிதங்களைத் தங்கச்சி நான்தான் வாசித்துக் காட்டுவேன். கூலியாக முத்திரை எனக்கு. பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். படிக்க எனக்கு மிஞ்சியது அந்தக் கடிதங்கள்தான். உறையின் மூலையைக் கத்தரித்து, பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி, ராசா தலை போட்ட முத்திரையை மிதக்க விடுவோம். நான் அவசரப்பட்டு நகத்தை வைத்தால் நீ கையைத் தட்டிவிடுவாய்.

"தானாக் கழண்டு வரும் புள்ள. இழுத்தா ராசாட தாடி கிழிஞ்சிரும்."

பிறகு சிரிப்பாய். "வாப்பாட்டச் சொல்லி இந்தத் தாடிக்காரனையே உனக்குக் கட்டித் தாறன். அவனும் வாய் திறக்க மாட்டான், உனக்குத் தோதான ஆள்."

கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் உன் கால்கள் வீங்கின. "மச்சான உடன வரச்சொல்லி எழுது. எனக்குப் பயமா இரிக்கி எண்டும் எழுது" என்றாய். எழுதினேன். வாப்பா தபாற்கந்தோரில் புது முத்திரை ஒன்று வாங்கி வந்தார். துறைமுகமும் கப்பல்களும் அச்சிட்ட படம். அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை.

என்னிடம் பழைய ராசா முத்திரை ஒன்று இருந்தது. தபாற்கந்தோர்ச் சீல் அதன் ஓரத்தில் மட்டும் லேசாகப் பட்டிருந்தது. அதைச் சோற்றுப் பசையால் உன் கடிதத்தில் ஒட்டினேன். புதியதை எனக்கென்று ஒளித்துவைத்தேன்.

தந்தி கண்டு மச்சான் வந்து சேர்ந்தபோது உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் அடக்கி முடிந்திருந்தது.

"கடுதாசி போட்டமே, ஏன் வரல்ல?" என்று வாப்பா கேட்டார்.

"ஒரு கடுதாசி வந்திச்சு மாமா. பாவிச்ச முத்திரை, தண்டம் கட்டி எடு எண்டாங்க. ஆரோ ஏமாத்துறான் எண்டு பாக்காமத் திருப்பிட்டன்."

உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "சல்லிக் காசப் பாத்து என்ட புள்ளயப் பறிகொடுத்திட்டியே! இந்த வாசல்ல இனி மிதிக்காத!"

மச்சான் தலைகுனிந்து படியிறங்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு சொல் போதும். சொல்லவில்லை. என்னைக் கூச்சக்காரி என்பார்கள். அன்று அந்தப் பெயர் எனக்கு வசதியாக இருந்தது.

அவர் மேலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. என் எழுத்து அவருக்குத் தெரியாதா? உறையை ஒரு தரம் பார்த்திருக்கலாம். ஆனாலும் ஊரார் அவரைக் காறித் துப்பும்போது, எனக்குச் சேர வேண்டியதும் அவர் முகத்திலேயே விழுகிறது. உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்குக்கூட அவரை உள்ளே விடவில்லை.

அவர் திருப்பிய கடிதம் தபாற்கந்தோர்களில் சுற்றி இன்றுதான் என் கைக்கு வந்தது. உள்ளே உன் பயம் பிரிக்கப்படாமல் இருந்தது.

"ஆர்ட கடுதாசி புள்ள?" உம்மா குசினியிலிருந்து கேட்டார்.

"மச்சானுக்குப் போனது."

"அடுப்புல போடு."

நான் முத்திரைப் பெட்டியைத் திறந்தேன். வாப்பா உன் கடிதத்துக்கென்று வாங்கிய கப்பல் முத்திரையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், உம்மாவின் ஈரக் கையைத் துடைத்து, அதில் வைத்தேன்.