மூன்றாம் தேதி மாரடைப்பு

மார்ச் 3

இன்று ஒன்பது. கைதி முகாம் ஆஸ்பத்திரியில் தட்டச்சராகச் சேர்ந்தபோது மருந்துப் பட்டியல் அடித்தால் போதும் என்றார்கள். சண்டை தொடங்கியதிலிருந்து அடிப்பதெல்லாம் இறப்புச் சான்றிதழ். டாக்டர் கட்டுக்கட்டாக முன்பே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். காரணம் அச்சிலேயே இருக்கிறது: மாரடைப்பு. இருபது வயதுப் பையனுக்கும் அதுதான். ஒன்பதாவது தாள் கடைசி வரியில் உருளையில் சிக்கிக்கொண்டது. மெஷினுக்கே பொறுக்கவில்லை போல.

மார்ச் 4

மெஷினைச் சரிசெய்யக் கைதி ஒருவரையே அனுப்பினார்கள். வெளியே டைப்ரைட்டர் மெக்கானிக்காக இருந்தவர். இடது கையில் மூன்று விரல்களில் நகம் இல்லை. சிக்கிய தாளை உருவியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என் பேரும்மா."

செத்தவர்கள் பட்டியலையும் நோயாளிகள் பட்டியலையும் ஒரே கிளிப்பில் மாட்டி அனுப்புவார்கள். ஒன்று முடிந்தது தெரியாமல் அடுத்ததற்குப் போயிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. முதுகுதான் வலிக்குது." வேலை முடிந்ததும் பழுதுபார்ப்புப் பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

தாளைக் கிழித்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். எண் போட்ட தாள், கிழித்தால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டுமாம். "டிராயர்ல வைங்க. கெட்டா போயிடும்?"

மார்ச் 5

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார் என்றார். தாள் இன்னும் டிராயரில்தான். நானே கிழித்தால் என்ன? பயம். வேறென்ன.

மார்ச் 7

"அந்தத் தாளை எடுங்க. தேதியை மட்டும் மாத்திடுங்க." டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் அந்த மெக்கானிக்கை விசாரணை அறைக்குக் கூட்டிப்போனார்களாம். மூணு நாள் முன்னாடி என்கிட்ட சிரிச்சுப் பேசின மனுஷன். பாவிங்களா — நானும்தான். எழுதி ரெடியா வெச்சிருந்தது யாரு?

தேதியை மாற்றவில்லை. மூன்றாம் தேதி என்றே அனுப்பினேன். மெக்கானிக் கையெழுத்திட்ட பதிவேட்டுப் பக்கத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் மடித்து வைத்து எடுத்துவந்தேன்.

ஏப்ரல் 20

உடம்பில் நகம் எங்கே என்று மெக்கானிக்கின் மனைவி மனு போட்டிருந்தார். முகாமிலேயே விசாரணை நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: சான்றிதழில் தேதி தவறு, தட்டச்சரின் கவனக்குறைவு. என் வேலை போயிற்று. டாக்டருக்குப் பதவி உயர்வு. பதிவேட்டுப் பக்கத்தை அவர்களிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அதுவும் மாரடைப்பில் போயிருக்கும்.

மே 2

அவர் மனைவியைத் தேடிப் போய்ப் பக்கத்தைக் கொடுத்தேன். கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தேதியை. செத்ததாகச் சொன்ன நாளுக்கு மறுநாள்.

டிராயரில் கிடந்த தாளை நான் கிழிக்காததையும் சொன்னேன். வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். பக்கத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இதையும் சேர்த்து வக்கீல்கிட்ட சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன்.

மே 3

பத்து மணிக்கு வக்கீலிடம் போக வேண்டும். வீட்டுக்காரர் என் செருப்பை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார். வெறுங்காலோடு போய்க்கொள்கிறேன்.