செம்மண் கட்டிய மொச்சை

மல்லசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை யுவஸ்ரீ எழுதுவது. இங்கே மூவரும் ஏதோ நடமாடுகிறோம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் ஆறு மாதப் பிள்ளையும் சுகமாக இருந்தால் அதுவே போதும். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு. அம்மாவுக்குத் தெரியாது.)

விசா இரண்டாம் தடவையும் இல்லை என்று வந்துவிட்டது சாமி. பிரசவத்துக்கு நான் வரப்போவதில்லை, இனிக் கேட்டுப்பார்க்கவும் தெம்பில்லை. போனில் பேசினால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். மொச்சை அனுப்பியது என் தப்புத்தான். வண்டு விழாமலிருக்கச் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைத்துத்தானே நாம் எப்போதும் எடுத்து வைப்போம், அப்படியே மூன்று கிலோவையும் கட்டி அனுப்பிவிட்டேன், மண் ஒட்டியிருந்தால் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று எனக்கு என்ன தெரியும். எல்லாவற்றையும் எரித்துவிட்டு உன் பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் வேறு அனுப்பினார்களாமே. இனிமேல் எதுவும் அனுப்பாதீர்கள் என்று நீ போட்ட மெசேஜைப் படித்துவிட்டு உன் அப்பா, "கழுவிப்போட்டு அனுப்புன்னு அன்னைக்கே சொன்னனல்லொ" என்கிறார். சொல்லவே இல்லை. (சொன்னார். அம்மா காதில் அப்போது சீரியல் ஓடியது.)

கால் வீங்குகிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்கிறாய், அப்புறமும் உப்புத் தண்ணீரில் மிதக்கிற டின் பயறைத்தான் தினமும் திறக்கிறாய். அங்கேயே கடையில் காய்ந்த மொச்சை கிடைக்குமாம், யுவஸ்ரீ தேடிக் காட்டினாள். உனக்குக் கணக்குச் சொல்ல நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே நான் ஊறப்போட்டேன், இன்று காலை ஆறு மணிக்கு ஒன்றை நசுக்கிப் பார்த்தால் நடுவில் மாவாக நிற்கவில்லை, அதுதான் பதம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்று. நாலு விசிலில் இறக்கினேன், தோல் பல்லில் நின்றது, இன்னொன்று விட்டேன், சரியாக இருந்தது. உப்பு வெந்த பிறகுதான், அதுவும் பேருக்கு. (விசா வாங்க முடியாத அம்மா விசில் எண்ணித் தருகிறது, வாங்கிக்கொள்.)

(அக்கா, இது சிரிக்க இல்லை. விதைக்கென்று பானை அடியில் கிடந்த இரண்டு கைப்பிடிதான் நேற்று ஊறியது. விதையாச்சே என்று கேட்டேன். "ஆயிரத்தெரநூறு அடி போர் போட்டும் தண்ணியில்லாம வெறும் புகதான் வந்துச்சு, எந்தக் காட்டுல கொண்டுபோய்ப் போடறது, நீ எழுது கண்ணு" என்றது அம்மா. குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது. இன்னும் யாரும் கைவைக்கவில்லை.)

நீயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடியாக இருங்கள், கொங்கலம்மா துணை இருப்பாள். காலைத் தொங்கப்போட்டு உட்காராதே. ஐந்து விசில், மறந்துவிடாதே சாமி. இன்னொரு தடவை வேகவைத்துப் பார்த்துச் சொல்ல என்னிடம் கொட்டை இல்லை.

இப்படிக்கு,
வர முடியாத உன் அம்மா,
ஜோதி