அந்தப் படத்தை எடுத்தது யார்?

மார்ச் 3, செவ்வாய்

காலை நீச்சல் வகுப்பில் ஆறு பேர். குளத்தில் குளோரின் கூடிப்போய் எல்லோருக்கும் கண் சிவப்பு. இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன் — எங்கள் படம் ஒரு புத்தகத்தின் அட்டையில் வரப்போகிறது!

நானும் தையல்கார அக்காவும் இருக்கும் படம். ஏழு மாதம் கைப்பிடிக் கம்பியை விடாமல் நீச்சல் கற்றவர், போன நவம்பரில் ஒருநாள் பலகையிலிருந்து குதித்தே விட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அக்கா அந்தரத்தில். கீழே தண்ணீரில் இரண்டு கையையும் விரித்தபடி நான், வாய் கொள்ளாத சிரிப்பு. எங்கள் குளத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட பெண்களைப் பற்றிய நூலாம். பதிப்பகத்து ஆசிரியை போன் செய்தார். "இதைவிடப் பொருத்தமா ஒரு படம் எனக்குக் கிடைக்காது மேடம்."

மேடம்! என்னை! குளத்தில் எல்லோருக்கும் நான் வெறும் 'விசில்'.

அக்காவின் கடைக்கு ஓடினேன். "ஐயோ, அந்தக் கால் தெரியுற படமா?" என்று தலையில் கை வைத்தார். அடுத்த நிமிஷமே, "அட்டை எவ்வளவு பெருசு?"

மார்ச் 4, புதன்

வகுப்பில் "மூச்சை இழுங்க, அட்டையை விடுங்க" என்றேனாம். ஆறு பேரும் சிரித்துத் தண்ணீர் குடித்தார்கள்.

மார்ச் 5, வியாழன்

அனுமதிப் படிவம் வந்துவிட்டது. முதல் வரி: 'இப்படத்தை எடுத்தவர் நானே, இதன் உரிமை என்னுடையது.'

நான் எடுக்கவில்லையே? நான் தண்ணீருக்குள் அல்லவா இருந்தேன்?

அன்றைக்குப் பம்ப் ரிப்பேர் செய்ய ஒரு மெக்கானிக் வந்திருந்தார். "அண்ணா, இவங்க குதிக்கிறப்போ ஒண்ணு எடுத்துடுங்க" என்று என் போனை அவர் கையில் திணித்தேன். அவ்வளவுதான். பெயர்கூடக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "போன் உன்னது, மூஞ்சி உன்னது. அந்த ஆளு ஒரு பட்டனை அமுக்கினாரு. அதுக்குப் பேரு உரிமையா?"

பதிப்பக ஆசிரியையிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "போன் யாரோடதுங்கிறது முக்கியமில்ல மேடம். பொதுவா, எடுத்தவங்கதான் சொந்தக்காரங்க. ஏன், வேற யாராவது எடுத்தாங்களா?"

"இல்லல்ல, போனைச் சாய்ச்சு வச்சு, டைமர் போட்டு நான்தான் எடுத்தேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில வந்துடுச்சு. ச்சே.

மார்ச் 6, வெள்ளி

பேனாவை எடுத்தேன், வைத்தேன். செவ்வாய்க்குள் அனுப்ப வேண்டுமாம். யாருக்குத் தெரியப்போகுதுங்கிறார் இவர். எனக்குத் தெரியுதே!

மார்ச் 7, சனி

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அட்டை போய்விடுமே என்று அழுவார் என நினைத்தேன். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் தைச்ச ரவிக்கையை எவளாவது தான் தைச்சதா சொன்னா சும்மா விடுவேனா? துணி அவளோடதா இருந்தாலும் விடமாட்டேன். கிளம்பு."

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்! பம்ப் கம்பெனியில் விசாரித்தோம். அந்த மெக்கானிக் வேலையை விட்டுவிட்டாராம். பஸ் டிப்போவுக்கு எதிரில் சொந்தப் பட்டறையாம். ஓடினோம். பூட்டு. திங்கட்கிழமைதான் திறப்பார்கள் என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

மார்ச் 9, திங்கள்

கண்டுபிடித்துவிட்டோம்! கண்டுபிடித்துவிட்டோம்!

மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். நான் நீட்டிய போனைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு தடவை பலகை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனீங்க, இல்லையா? நின்னு எடுத்தா பின்னாடி பம்ப் ரூம் வந்துச்சு. அதான் தரையில படுத்துட்டேன். சட்டையெல்லாம் ஈரம். உங்க கால் எப்போ பலகையை விடும்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

படுத்தாரா? நான் பார்க்கவே இல்லையே. நான்கு மாதமாக எல்லோரிடமும் 'ஏதோ தற்செயலா நல்லா வந்துடுச்சு' என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். முகம் சுட்டது.

நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அது என்னோடதுன்னு எனக்கே தெரியாதேம்மா" என்றார். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எம்பேரு போடுவாங்களா?"

அங்கிருந்தே ஆசிரியையைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"டைமர் எடுத்த படத்துல அந்த நொடி எப்படி இவ்வளவு சரியா விழுந்துச்சுன்னு நானும் யோசிச்சேன். பட்டறை விலாசம் சொல்லுங்க. நானே வர்றேன்."

மேடம் என்று சொல்லவில்லை. பரவாயில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கையெழுத்தானது. எடுத்தவர் மெக்கானிக். படத்தில் இருப்பவர்களாகச் சம்மதம் சொன்னது அக்காவும் நானும். பட்டறையில் ஆளுக்கொரு டீ.

ஜூன் 13, சனி

புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. அக்கா தானே தைத்த புது ரவிக்கையில், நான் இருப்பதில் நல்ல சுடிதாரில். உள்ளே போனால், எங்களுக்கு முன்பே மெக்கானிக் வந்திருக்கிறார்! மனைவி, மச்சான்கள், பட்டறை ஆட்கள் என்று மொத்தம் ஒன்பது பேர். ஆளுக்கொரு பிரதி கையில்.

ஒருவர்கூட அட்டையைப் பார்க்கவில்லை. ஒன்பது பேரும் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, பின்னட்டையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில், படம் எடுத்தவர் என்று அவர் பெயர் இருந்த ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து பார்த்தால் ஒன்பது அக்கா அந்தரத்தில், ஒன்பது நான் கையை விரித்துக்கொண்டு.

"நம்ம மூஞ்சியை யாருமே பாக்கலியேடி!" என்றார் அக்கா என் காதில்.

"படிக்கட்டும் விடுங்கக்கா."

மெக்கானிக்கின் மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார், இந்த முறை கடைக்கே கேட்கும்படி.